அரை நொடியின் வரலாறு: துலங்கல் வேகமும் முதுமையும்

சென்ற ஆண்டு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டி வாழும் தமிழ் முதியோரிடம் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு நடத்தினேன். மடிக்கணினித் திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றும். அது தமிழ்ச்சொல் என்றால் ஒரு விசையையும், பொருளற்ற கோவை என்றால் மற்றொரு விசையையும் அழுத்த வேண்டும். மலையாளச் சூழலில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் தமிழ்ச்சொல்லை எவ்வளவு விரைவில் இனங்காண்கிறார்கள் என்பதே என் கேள்வி. பங்கேற்றவர்களுள் ஒருவர் 74 வயதான அம்மா. நாகர்கோவிலிலிருந்து மணமாகி வந்தவர். குடும்பத்தின் பலசரக்குக் கடைக் கணக்கை நாற்பது ஆண்டுகள் மனத்திலேயே போட்டவர். அவர் விசையைத் தொடவே தயங்கினார். ஒவ்வொரு முறையும் "இது சொல்லுதான்" என்று வாயால் சொல்லிவிட்டு, அதன் பிறகே விரலால் விசையைத் தேடினார். முடிவில், "கை ஓட மாட்டேங்கு மக்களே, உன் கணக்கு கெட்டுப்போயிரும்" என்று வருத்தப்பட்டார்.

அன்றிரவு தரவைச் சீர்செய்தபோது, முன்பே வகுத்திருந்த கால வரம்பைக் கடந்த விடைகளை நீக்கினேன். அவருடைய விடைகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. எஞ்சியவற்றை வைத்து எதுவும் சொல்ல இயலாது என்பதால் அவர் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆய்வு நடைமுறைப்படி அது தவறன்று. ஆயினும், நான் நீக்கியது எதன் அளவை என்ற கேள்வி என்னை விடவில்லை. சொல்லை அறிந்த நேரமா, விரல் நகர்ந்த நேரமா, அறிமுகமற்ற கருவியின் முன் ஒருவர் தயங்கிய நேரமா? துலங்கல் நேரம் எனப்படும் இந்த அளவையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதனால்தான். அந்த வரலாறும் ஒருவர் நீக்கப்பட்டதிலிருந்தே தொடங்குகிறது.

1. நொடிப்பவர் யார்?

மொழியியல் மாணவர்களுக்கு ஒரு செய்தியை முதலில் நினைவூட்ட வேண்டும். தமிழ் இலக்கண மரபில் ஒலியின் கால அளவு மனித உடலின் இயக்கத்தைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபு, கண் இமைப்பதற்கும் விரல் நொடிப்பதற்கும் ஆகும் நேரத்தை மாத்திரை என்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பவை அந்த அடிப்படையில் எழுந்த கணக்கு. இன்று கடிகாரத்தின் செகண்டுக்கு நாம் வழங்கும் 'நொடி' என்னும் சொல்லே விரலைச் சொடுக்கும் செயலின் பெயர்தான்.

உடலை அளவுகோலாகக் கொண்டால் ஒரு சிக்கல் எழும். எவருடைய விரல்? முதியவரும் நோயுற்றவரும் நொடிப்பது இளைஞர் நொடிப்பதைப் போன்றதா? நன்னூல் இதை உணர்ந்தே, இயல்பு நிலையில் உள்ள மாந்தரின் இமைப்பும் நொடிப்பும் என்று வரையறையைக் கட்டுப்படுத்துகிறது. யாரை 'இயல்பு' எனக் கொள்வது என்ற வினா அவ்வாறு இலக்கணத்துக்குள்ளேயே தலைகாட்டுகிறது. பிற்கால அறிவியலும் இதே வினாவைச் சுற்றித்தான் நடந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் இலக்கணமன்று, வானியல்.

2. கிரீனிச்சில் நீக்கப்பட்ட உதவியாளர்

பதினெட்டாம் நூற்றாண்டில் விண்மீன் ஒன்று நடுவரையைக் கடக்கும் நேரத்தைக் 'கண்ணும் காதும்' முறையில் பதிவு செய்தார்கள். நோக்குநர் கடிகாரத்தைப் பார்த்து நொடியைக் குறித்துக்கொள்வார். பிறகு தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணுவார். விண்மீன் காட்சிப் புலத்தில் உள்ள மெல்லிய கம்பியைக் கடப்பதற்குச் சற்று முந்திய ஒலியின்போது அது எங்கே இருந்தது, அடுத்த ஒலியின்போது எங்கே இருந்தது என்பதை மனத்தில் வைத்து, இடைப்பட்ட நொடியைப் பத்தாகப் பகுத்து மதிப்பிடுவார்.

கிரீனிச் வானாய்வகத்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின், தம் உதவியாளர் டேவிட் கின்னிபுரூக் விண்மீன் கடப்பைத் தம்மைவிடத் தாமதமாகக் குறிப்பதைக் கவனித்தார். 1795 ஆகஸ்டில் அரை நொடியாக இருந்த வேறுபாடு 1796 ஜனவரியில் முக்கால் நொடியையும் தாண்டிப் பத்தில் எட்டு நொடியாயிற்று. அது சிறிய பிழையன்று. நிலநடுக்கோட்டில் புவி ஒரு நொடியில் ஏறத்தாழ 465 மீட்டர் சுழல்கிறது, எனவே 0.8 நொடி என்பது அங்கே ஏறத்தாழ 370 மீட்டர் இடப் பிழை. கடலில் நிலநிரைக்கோட்டைக் கணிக்க விண்மீன் அட்டவணைகளையே நம்பியிருந்த காலம் அது. கின்னிபுரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மாஸ்கலின் தம் நேரத்தைச் சரியெனக் கொண்டார். உதவியாளரின் நேரம் பிழையாயிற்று. இருவருள் யாருடைய நொடி 'இயல்பு' என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் கோனிக்ஸ்பர்க் வானாய்வகத்தின் ஃபிரீட்ரிக் பெசல். கின்னிபுரூக் நிகழ்வை அறிந்த அவர், 1820இல் தம்மையும் மற்றொரு தேர்ந்த வானியலாளரையும் ஒரே விண்மீன்களைக் குறிக்கச் செய்து ஒப்பிட்டார். இருவரும் திறமையானவர்கள், இருவரும் கவனமாகச் செய்தவர்கள். ஆயினும் வேறுபாடு ஒரு நொடிக்கும் மேல் இருந்தது. ஆகவே இது சோம்பலின் விளைவன்று. ஒவ்வொரு மனிதரோடும் வரும் ஒரு மாறிலி. வானியலாளர்கள் இதற்குத் 'தனியாள் சமன்பாடு' என்று பெயரிட்டுக் கணக்கில் கழிக்கத் தொடங்கினர். இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். அந்த வேறுபாடு முழுவதும் இன்று நாம் துலங்கல் நேரம் என்பதன்று. காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் ஒன்றோடொன்று பொருத்தும் மனச்செயலும் அதில் அடங்கும். ஆனால் உணர்வதற்கும் குறிப்பதற்கும் நேரம் ஆகிறது, அந்நேரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்னும் இரு உண்மைகளும் இங்கிருந்துதான் அறிவியலுக்குள் நுழைந்தன.

3. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும்

இந்த வரலாற்றை ஐரோப்பாவுக்கே உரியதாக எழுதிவிடுவது வழக்கம். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாளையத்துக்கு அருகே உள்ள குன்றில் 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா ஒரு வானாய்வகத்தை நிறுவினார். அதற்கு முன் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். கடப்புத் தொலைநோக்கியும் துல்லியக் கடிகாரமும் இங்கும் வந்தன. அவற்றோடு 'கண்ணும் காதும்' முறையும் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், புவிக் காந்தத்தின் சிறு அசைவுகளை மணிதோறும் குறிக்கும் பெரும்பணியை மேற்கொண்டார். 1855இல் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள அகத்தியமலையிலும் ஒரு காந்த ஆய்வகத்தை அமைத்தார். மழையும் அட்டையும் யானையும் நிறைந்த அந்த மலையிலும் இந்தக் குன்றிலும் கருவியின் முன் உட்கார்ந்து எண்களைக் குறித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உதவியாளர்கள்.

தமிழ் இலக்கணத்தின் தொன்ம முதல்வரான அகத்தியரின் பெயர் தாங்கிய மலை அது. அங்கே நிறுவப்பட்ட கருவிகளுக்கும் மாத்திரைக்கும் தொடர்பு இல்லை. ஆனால் மனித உடலை அளவுகோலாகக் கொண்ட ஒரு மரபும், மனித உடலைக் கருவியின் ஓர் உறுப்பாக்கி அதன் பிழையைக் கழிக்க முயன்ற மற்றொரு மரபும் ஒரே மலையின் பெயரில் சந்தித்துக்கொண்டன என்பது நம் பாடநூல்களில் இடம்பெறாத செய்தி.

சென்னையிலும் இப்படி நடந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வகத்திலிருந்து டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் அட்டவணையை 1844இல் வெளியிட்டார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார்; அரச வானியல் கழகத்தின் முதல் இந்திய உறுப்பினரும் அவரே. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அந்நிகழ்வை விளக்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நின்ற நோக்குநர்கள் வெவ்வேறாகக் குறித்தார்கள் என்பது அந்தக் காலத்து வானியலின் பெரிய தலைவலி. இவ்வாய்வகங்களின் உதவியாளர்கள் வயது முதிர்ந்தபோது அவர்களுடைய கணங்களும் நகர்ந்திருக்கும். ஆனால் அந்த நகர்வை முதுமையின் செய்தியாகப் படிக்கும் எண்ணம் அன்று எவருக்கும் இல்லை. கழிக்க வேண்டிய பிழையாக மட்டுமே அது இருந்தது.

4. ஒரு வறிய முதியவரின் இரண்டு எண்கள்

பிழையாக இருந்தது ஆய்வுப் பொருளாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் துடிப்பு செல்லும் வேகத்தை அளந்தார். அது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் என்று தெரிந்தபோது, எண்ணம் கணப்பொழுதில் செயலாகிறது என்ற நம்பிக்கை உடைந்தது. 1860களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் வானாய்வகத்தில் அடால்ஃப் ஹிர்ஷ், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஹிப்பின் கருவியைக் கொண்டு கண், காது, தொடுகை ஆகியவற்றுக்கான துலங்கலை அளந்தார்.

மொழியியலாளர் மறக்கக் கூடாத பெயர் நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் டான்டர்ஸ். அவர் தூண்டலாகவும் துலங்கலாகவும் பேச்சசைகளையே பயன்படுத்தினார். 'கி' என்ற அசைதான் வரும் என்று முன்பே தெரிந்து, கேட்டதும் 'கி' என்று திருப்பிச் சொல்வது எளிய துலங்கல். எந்த அசை வரும் என்று தெரியாமல், வந்த அசையையே திருப்பிச் சொல்வது தெரிவுத் துலங்கல். 'கி' வந்தால் மட்டும் சொல்லி, மற்றவற்றுக்கு வாளாவிருப்பது மூன்றாவது வகை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இனங்காணவும் தெரிவு செய்யவும் மனம் எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டும் என்று அவர் 1868இல் வாதிட்டார். நான் மடிக்கணினியில் நடத்திய சோதனை இந்தக் கழித்தலின் கொள்ளுப்பேத்தி.

'துலங்கல் நேரம்' என்ற கலைச்சொல்லை 1873இல் வழங்கியவர் வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர். அவர் சோதித்தவர்களுள் ஒரு வறிய முதியவரும் இருந்தார். எக்ஸ்னர் அளந்தபோது அவருடைய நேரம் 0.9952 நொடி, அதாவது ஏறத்தாழ ஒரு முழு நொடி. முதுமை துலங்கலை எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதற்குச் சான்றாக இந்த எண் பிறகு பல நூல்களில் எடுத்தாளப்பட்டது. வில்லியம் ஜேம்ஸும் 1890இல் வெளியான தம் உளவியல் பெருநூலில் அதைக் குறிப்பிடுகிறார்.

அந்த முதியவருக்கு இரண்டாவது எண் ஒன்றும் உண்டு. நெடிய பயிற்சிக்குப் பின் எக்ஸ்னர் அவரை மீண்டும் அளந்தார். அப்போது அவருடைய நேரம் 0.1866 நொடி. பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் வெட்கப்பட வேண்டாத எண் அது. இடையில் அவர் இளமை அடைந்துவிடவில்லை. நரம்பும் தசையும் புதிதாக முளைக்கவில்லை. கருவியும் அறையும் எதிரே நிற்கும் அறிஞரும் தன்னிடம் எதிர்பார்க்கப்படுவதும் அவருக்குப் பழகின. முதல் எண்ணில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முதுமையின் கணக்கில் சேராது. அது பழக்கமின்மையின் கணக்கு. துலங்கல் நேர வரலாற்றில் நுழைந்த முதல் முதியவர்களுள் ஒருவரே இவ்வளவு தெளிவான எச்சரிக்கையை விட்டுச் சென்றிருக்கிறார். முதல் எண்ணைச் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டாவது எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் அந்த அம்மாவின் பெயரை அவ்வளவு எளிதாக நீக்கியிருக்க மாட்டேன்.

5. எண்ணைப் பயன்படுத்தியவர்கள்

அளக்கத் தெரிந்தபின் தரம் பிரிக்கும் ஆசை வந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் 1884இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் மூன்று பென்னி கட்டணம் பெற்று மக்களின் உடல் அளவைகளை எடுத்தார். பிடிவலிமையும் அதில் இருந்தது. பின்னர் சவுத் கென்சிங்டனில் தொடர்ந்த ஆய்வகத்தில் துலங்கல் நேரத்தையும் ஆயிரக்கணக்கானோரிடம் அளந்தார். அவர் திரட்டிய தரவு விரிவானது. ஒரு நூற்றாண்டு கழித்து 1985இல்கூட அதை மீண்டும் பகுத்தாய்ந்தார்கள். ஆனால் 'இனமேம்பாட்டியல்' என்ற சொல்லை 1883இல் உருவாக்கியவரும் அவரே. வேகமான நரம்பு என்றால் மேலான பிறப்பு என்ற எண்ணம் அந்த அளவைகளின் பின்னே நின்றது.

அந்த எண்ணம் எவ்வளவு வளையக்கூடியது என்பதற்கு 1895இல் மீட் பாச்சே என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை சான்று. அவர் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர் என மூன்று குழுவினரை அளந்தார். வெள்ளையரே மெதுவாகத் துலங்கினர். உடனே அவர், மெதுவான துலங்கல் சிந்தனை மிக்க உயர்ந்த மூளையின் அடையாளம் என்று முடிவு கூறிவிட்டார். மெதுவானவர் முதியவரோ 'நாகரிகமற்றவர்' எனப்பட்டவரோ ஆனால் அது குறை. அளப்பவரின் இனமானால் அது நிறை. எண் தானாக எதையும் பேசுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இக்கருவிகள் உளவியல் துறைகளோடு வந்தன. 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் என். என். சென்குப்தாவும், 1924இல் மைசூரில் எம். வி. கோபாலசுவாமியும் சோதனை உளவியலைத் தொடங்கினர். துலங்கல் நேரச் சோதனை இந்திய உளவியல் மாணவர்களின் செய்முறைப் பயிற்சியில் நிலைத்துவிட்டது. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே. முதியோர் அந்த மேசையருகே வந்தது அரிது.

6. பிழையிலிருந்து நலக்குறிக்கு

முதுமையில் துலங்கல் மெதுவாவதை ஒரு தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய தலைமுறை. கேம்பிரிட்ஜில் ஆலன் வெல்ஃபோர்டும் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிர்ரனும் அதில் முன்னோடிகள். மந்தம் எங்கே நிகழ்கிறது என்பது அவர்களுடைய முதன்மை வினா. மூளையிலிருந்து கைக்கு நரம்புச் செய்தி செல்ல ஏறத்தாழ 20 மில்லிநொடி போதும். இளைஞர் ஒளியைக் கண்டு விசையை அழுத்த ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது. முதுமையில் நரம்பின் கடத்தும் வேகம் சிறிதளவே குறைவதால், தாமதத்தின் பெரும்பகுதியை நரம்புக் கம்பிகளின்மேல் சுமத்த இயலாது. அது மூளைக்குள், உணர்வதற்கும் இயக்கத்தைத் தொடங்குவதற்கும் இடையே நிகழ்கிறது. தெரிவுகள் கூடக்கூட முதியோருக்கும் இளையோருக்கும் இடையிலான இடைவெளியும் விரிவது இதனால்தான். 1996இல் திமத்தி சால்ட்ஹவுஸ் இதைக் கொள்கையாக்கினார்: மனத்தின் செயல்வேகம் குறைவதே முதுமையில் நினைவும் பகுத்தறிவும் தளர்வதன் பெரும்பகுதியை விளக்கும் என்றார்.

மந்தம் விதியா என்ற கேள்விக்கும் விடை வரத் தொடங்கியது. 1975இல் வானீன் ஸ்பிர்டூசோ, நெடுங்காலமாக மட்டைப்பந்தாட்டங்களில் ஈடுபட்டுவந்த முதிய ஆடவரையும், உடலுழைப்பற்ற இளைஞரையும் அளந்து ஒப்பிட்டார். ஆடிவந்த முதியோர் ஆடாத இளைஞருக்குச் சளைக்கவில்லை. ஓர் ஆய்வில் காரண காரியம் உறுதியாகாது. வேகமானவர்களே ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கவும் கூடும். எனினும், வயது என்ற ஒற்றை எண் துலங்கலைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவாயிற்று.

இந்த நூற்றாண்டில் கதை வேறு திசையில் திரும்பியது. மேற்கு ஸ்காட்லாந்தில் 56 வயதான 898 பேரின் துலங்கல் நேரத்தை அளந்து, 14 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தனர். இயன் டியரியும் ஜெஃப் டெர்ரும் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, மெதுவாகத் துலங்கியோரிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. நுண்ணறிவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றோர் முன்னதாக இறப்பதற்கான தொடர்பையும் துலங்கல் நேரமே பெருமளவு விளக்கியது. 2014இல் அமெரிக்கத் தேசிய நலக் கணக்கெடுப்பின் தரவிலிருந்து வந்த ஆய்வு 20 முதல் 59 வயதுக்குட்பட்ட 5,134 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்தது. துலங்கல் நேரம் ஒரு திட்ட விலக்க அளவு மெதுவானால் இறப்பு இடர் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது.

மற்ற இயக்க அளவைகளும் இதே திசையில் சுட்டின. 2011இல் 34,485 முதியோரின் தரவைத் தொகுத்த ஆய்வு, நடைவேகம் கூடக்கூட வாழ்நாளும் கூடுவதைக் காட்டியது. 17 நாடுகளில் 1,39,691 பேரிடம் நடந்து 2015இல் வெளியான 'பியூர்' ஆய்வில் பிடிவலிமை 5 கிலோ குறையும்தோறும் இறப்பு இடர் 16 விழுக்காடு கூடியது. அதன் இந்திய மையங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. சிட்னியில் ஸ்டீபன் லார்டும் உடனாய்வாளரும், ஒளிரும் கட்டத்தின்மேல் விரைந்து காலெடுத்து வைக்கும் தெரிவுத் துலங்கல் சோதனை, முதியோர் கீழே விழும் வாய்ப்பைக் காட்டுவதை 2001இல் நிறுவினர். தடுமாறும் கணத்தில் அடுத்த காலடியை எங்கே வைப்பது என்று உடல் எடுக்கும் முடிவும் ஒரு துலங்கல்தானே.

கேரளத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. நினைவு குறைவதாகத் தாமே உணர்ந்து, நடையும் மெதுவாகி, ஆனால் மறதிநோய் இன்னும் தோன்றாத நிலைக்கு ஜோ வர்கீஸ் 2013இல் ஒரு வரையறை தந்தார். 17 நாடுகளின் 26,802 முதியோரிடம் அடுத்த ஆண்டே அது ஆராயப்பட்டது. அவர்களுள் 9.7 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தனர். அவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் இடர் கூடுதலாக இருந்தது. அதே வழியில் கேரள முதியோரின் நடையையும் நினைவையும் ஆராயக் கோழிக்கோட்டில் கேரளா–ஐன்ஸ்டீன் ஆய்வு தொடங்கப்பட்டது. நடைவேகத்தை அளக்க வேண்டியவை ஒரு தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் மட்டுமே. விலையுயர்ந்த படக்கருவிகள் எட்டாத ஊர்களில் இது சிறிய செய்தியன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு.

7. எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

இந்த முடிவுகளைப் படிக்கும்போது மாணவர்கள் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, மந்தத்தைக் காரணமாகக் கொள்வது. துலங்கல் மெதுவானதால் எவரும் இறப்பதில்லை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சேதம், இதய நோய், நீரிழிவு, புகைப்பழக்கம் போன்றவை துலங்கலையும் வாழ்நாளையும் ஒருசேரப் பாதிக்கலாம். துலங்கல் நேரம் அங்கே ஒரு சாட்சி மட்டுமே. கணினி விளையாட்டில் விரலை வேகமாக்கினால் ஆயுள் கூடும் என்று விற்பவர்களை இந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இந்த இடர் எண்கள் பெருந்திரளுக்கு உரியவை. ஒரு தனிமனிதரின் எதிர்காலத்தை அவற்றைக் கொண்டு சொல்ல இயலாது.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது: மந்தத்தை 'வயதாயிற்று' என்று தள்ளிவிடுவது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கண்புரை, கேட்புத்திறன் குறைவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு முதியவரை மெதுவாக்கக் கூடியது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு மருத்துவ வழி உண்டு. ஓரிரு மாதங்களில் கை மந்தமானவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் ஒரு பக்கக் கை மந்தமானால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையில் வழி காண்பதற்கு மொழியியலாளரின் பங்கு தேவைப்படுகிறது. அளவுகோல் எந்த மொழியில், எந்தக் கல்வியில், எந்தக் கருவிப் பழக்கத்தில் வேரூன்றியது என்று கேட்பது நம் வேலை. இதற்கு நல்ல முன்மாதிரி இந்த ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பி. எஸ். மதுரநாத்தும் உடனாய்வாளரும், ஆங்கிலத்தில் உருவான ஆடன்புரூக் அறிதிறன் தேர்வை மலையாளம் பேசுவோருக்காகத் தகவமைத்து 2004இல் வெளியிட்டனர். வெறும் மொழிபெயர்ப்பாக அதைச் செய்திருந்தால் பயன்பட்டிராது. குறித்த நேரத்துக்குள் சொற்களை அடுக்கிச் சொல்லும் திறனில் கல்வியின் தாக்கம் எவ்வளவு என்பதையும் அதே குழு தனியே ஆராய்ந்தது. பள்ளிக்குச் செல்லாத பாட்டி ஒருவர் ஒரு நிமிடத்தில் குறைவான சொற்களைச் சொன்னால், அது மூளை நோயா, அல்லது அந்த விளையாட்டை அவர் ஒருபோதும் ஆடியதில்லையா என்று பிரித்தறியாமல் மருத்துவம் செய்ய இயலாது.

துலங்கல் நேரத்துக்கும் இது பொருந்தும். விசைப்பலகையைத் தொட்டறியாத ஒருவரிடம் எடுக்கும் முதல் அளவை எக்ஸ்னரின் முதியவர் தந்த முதல் எண்ணைப் போன்றது. அது மெய்யான எண்தான். ஆனால் அது அவருடைய நரம்பின் எண்ணன்று. தமிழ் முதியோருக்கான துலங்கல் சோதனையை உருவாக்குவோர் குறைந்தது மூன்றைச் செய்யலாம் என்று கருதுகிறேன். அளக்கத் தொடங்குமுன் எண்கள் நிலைபெறும்வரை பயிற்சி தர வேண்டும். விரலோடு வாய்மொழி விடையையும் பதிவு செய்ய வேண்டும்; டான்டர்ஸ் அதைத்தான் செய்தார். ஒருவரின் சராசரியோடு நில்லாமல், அவருடைய எண்கள் முயற்சிக்கு முயற்சி எவ்வளவு அலைகின்றன என்பதையும், சில மாதங்களில் அவை எவ்வாறு மாறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு முதியவருக்கு ஏற்ற ஒப்பீடு இருபது வயது மாணவரன்று; சென்ற ஆண்டின் அவரே.

ஓர் உதவியாளரின் பிழையாகக் கழிக்கப்பட்ட அரை நொடி, இருநூறு ஆண்டுகளில் ஒரு முதியவரின் இதயத்தையும் மூளையையும் பற்றிய குறிப்பாக மாறியிருக்கிறது. மாஸ்கலின் ஓர் எண்ணைக் கண்டு மனிதரை நீக்கினார். பெசல் அதே போன்ற எண்ணைக் கண்டு, தன்னையும் அளந்து பார்க்க வேண்டும் என்று எண்ணினார். இந்த வரலாற்றில் எனக்குப் பாடமாக அமைந்தது அந்த வேறுபாடுதான்.

அதன்பின் மூன்று முறை அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்றேன். இரண்டாம் முறை விசைகளின்மேல் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டு ஒட்டினேன். அவர் சொல்வதையும் பதிவு செய்தேன். மூன்றாம் முறை அவர் விரலைப் பார்க்காமலே அழுத்தினார். அவர் எண்கள் எவ்வளவு குறைந்தன என்பதை இங்கே எழுதப் போவதில்லை; ஒருவரின் எண் ஆய்வு முடிவாகாது. ஆனால் அவருடைய பெயர் மீண்டும் பட்டியலில் இருக்கிறது. என் ஆய்வேட்டின் முறையியல் இயலில், நீக்கிய தரவு என்ற பகுதியை முழுவதும் அழித்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதியோரிடம் கள ஆய்வு செய்யும் நண்பர்கள், தாங்கள் வைத்திருக்கும் கால வரம்பு எத்தனை நொடி, அதை எவருடைய விரலைக் கொண்டு வகுத்தீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.